மெத்தைக்கடைக்காரன் போன தூது

பத்து நாளில் வந்துவிடுகிறேன் என்று காசிக்குப் போன முருகவேல், ஒரு வருஷம் கழித்து வந்து இறங்கினான். வேனை விட்டு இறங்கி, பெண்டாட்டியைப் பார்த்து அவன் சொன்ன முதல் வார்த்தை "சாய்". டீ வேண்டுமாம். பிறந்ததிலிருந்து டீ என்று கேட்டுக் குடித்த வாய், ஒரே வருஷத்தில் அதன் பேரை மறந்துவிட்டது. கீதாஞ்சலி போட்டுக் கொடுத்தாள். எதிர்க் கடையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது.

என் பெயர் குலாம் ரசூல். திருவண்ணாமலை திருவூடல் தெருவில் மெத்தைக் கடை வைத்திருக்கிறேன். முருகவேல் வீடு எதிரே. நானும் அவனும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே கணக்கு வாத்தியாரிடம் உதை வாங்கியவர்கள். அவனை நான் வாடா போடா என்பேன். அவன் என்னைப் பாய் என்பான், மரியாதை அந்த ஒரு வார்த்தையோடு சரி. சொந்தமாக ஒரு வேன் வைத்து ஓட்டுகிறான். அவன் மனைவி கீதாஞ்சலி வீட்டின் முன்பக்கத்தில் டிபன் கடை நடத்துகிறாள். அவள் போடும் இட்லிக்காக வேங்கிக்காலில் இருந்து கலெக்டர் ஆபீஸ் ஆட்கள் பைக்கை எடுத்துக்கொண்டு வருவார்கள். பைக்கை என் கடை வாசலில்தான் நிறுத்துவார்கள், ஏப்பமும் அங்கேதான் விடுவார்கள். மெத்தை வாங்கியவன் ஒருத்தன் கிடையாது.

முருகவேலை நல்லவன் என்றுதான் சொல்ல வேண்டும். அவனிடம் உள்ள தொந்தரவே அதுதான். குடிக்க மாட்டான். பொம்பளை விவகாரம் கிடையாது. ஊர் ஊராகச் சுற்றிய அந்த வருஷம் முழுக்க, மாசம் பிறந்தால் வீட்டுக்குப் பணம் வந்துவிடும். இதில் ஏதாவது ஒன்றில் கோட்டை விட்டிருந்தால் நாமும் சௌகரியமாக நாலு வார்த்தை திட்டியிருக்கலாம். அவனுக்கு இருந்தது ஒரே ஒரு வியாதி. ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். நின்றால் அரிப்பு எடுத்துவிடும். பள்ளிக்கூடத்து நாளில் வாடகை சைக்கிள் எடுத்தால் நேரம் முடிந்தும் திருப்பிக் கொண்டுவர மாட்டான். கடைக்காரர் என் காதைப் பிடித்துத் திருகுவார்.

போன மார்கழியில் ஆந்திராவிலிருந்து ஒரு கூட்டம் கிரிவலத்துக்கு வந்திருந்தது. இப்போது எங்கள் ஊரில் அவர்கள்தான் ஜாஸ்தி. டீக்கடை, செருப்புக்கடை, லாட்ஜ் என்று எல்லாப் பலகையிலும் தெலுங்கு. நானும் விடுவேனா, என் கடைப் பலகையிலும் தெலுங்கில் எழுதி வைத்தேன். மலையைச் சுற்ற வந்தவன் மெத்தையைத் தலையில் தூக்கிக்கொண்டா சுற்றுவான் என்று ஜாஹிரா கேட்டாள். ஜாஹிரா என் மனைவி. எதையும் காரியம் முடிந்த பிறகுதான் கேட்பாள்.

அந்தக் கூட்டம்தான் முருகவேலைக் காசிக்குக் கூட்டிக்கொண்டு போனது. காசியில் அவர்களுக்கு வயிறு கெட்டுப்போய் ரயிலைப் பிடித்து ஊருக்கு ஓடிவிட்டார்கள். காலி வண்டியோடு திரும்பினால் முருகவேலுக்குக் கௌரவம் என்ன ஆவது? அங்கேயே வேறு ஒரு பார்ட்டியைப் பிடித்து ரிஷிகேஷ் போனான். ரிஷிகேஷில் கிடைத்தவர்களோடு ராஜஸ்தான். அங்கிருந்து யார் யாரையோ ஏற்றிக்கொண்டு அசாம் வரைக்கும் போனான். ஒவ்வொரு தடவையும் போன் பண்ணி, இதோ இந்த ஒரு டிரிப்புதான் என்பான். யாரும் அவனைக் கட்டாயப்படுத்தவில்லை. கூப்பிட்டார்கள், போனான். கூப்பிடாவிட்டாலும் போயிருப்பான்.

போன் என்றால் வெறும் போன் இல்லை, வீடியோ. நான் பக்கத்தில் இருந்து எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். திரையில் அவன் மூஞ்சி வரும். "நல்லா இருக்கியா?" என்பான். கீதாஞ்சலி வாயைத் திறப்பதற்குள், "இரு, இதைப் பாரு" என்று போனைத் திருப்பிவிடுவான். அப்புறம் பனிதான், ஆறுதான், எவனோ ஒருத்தன் ஊற்றும் லஸ்ஸிதான். அவளும் தலையை ஆட்டி ஆட்டிப் பார்ப்பாள். சார்ஜ் போய்விடும், பேச்சு முடிந்துவிடும்.

ஆடி மாசம் கீதாஞ்சலிக்கு உடம்புக்கு வந்தது. பெண்கள் சமாச்சாரம், எனக்கு ஜாஹிரா சொல்லித்தான் தெரியும். கர்ப்பப்பையில் கட்டி, எடுத்தே ஆக வேண்டும் என்றுவிட்டார் டாக்டர். அந்தக் கட்டி எந்த மாதிரிக் கட்டி என்பது எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினால்தான் தெரியும் என்றும் சொன்னார். ஆபரேஷனுக்கு முந்தின நாள் சாயங்காலம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்து கீதாஞ்சலி அவளாகவே அவனுக்குப் போன் போட்டாள். ஜாஹிரா பக்கத்தில் இருந்தாள். அவன் எடுத்தான், நல்லா இருக்கியா என்றான், இரு இதைப் பாரு என்று திருப்பினான். ஒட்டகம். ஒட்டகம் அசை போட்டுக்கொண்டு நின்றது. அவன் அதன் பெயர், வயது, குணம் எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டே போனான். இவள் எங்கே உட்கார்ந்திருக்கிறாள், பின்னால் தெரிகிற சுவர் யார் வீட்டுச் சுவர் என்று அவன் பார்க்கவே இல்லை. ஜாஹிரா போனைப் பிடுங்கப் போனாள். கீதாஞ்சலி கையைத் தட்டிவிட்டு, சரிங்க வச்சிடறேன் என்று வைத்துவிட்டாள்.

அதற்குப் பிறகு யாரும் அவனிடம் சொல்லக்கூடாது என்றாள். ஓசூரில் வேலை பார்க்கும் மகன் அருண்பிரசாத் லீவு போட்டு ஓடி வந்தான். அப்பனுக்குப் போன் பண்ணப் போனவனைத் தன் தலையில் அடித்துச் சத்தியம் செய்ய வைத்தாள். டிபன் கடையை மூடினோம். கேட்டவர்களுக்கெல்லாம் கீழ்பென்னாத்தூரில் சொந்தக்காரர் வீட்டுக்குப் போயிருப்பதாகச் சொன்னோம். ஜாஹிராதான் ஆஸ்பத்திரியில் கிடந்தாள், வீட்டுக்கு வந்த பிறகும் அவள்தான் பார்த்துக்கொண்டாள். பரிசோதனை முடிவு வரும்வரை அந்தப் பெண் பட்ட பாட்டை நான் இங்கே எழுதி முடியாது. முடிவு நல்லபடியாக வந்தது. அன்றைக்கு ஜாஹிரா பாயசம் வைத்தாள். முருகவேல் அன்றைக்கு ஒரு அருவியைக் காட்டினான்.

இப்படி ஒரு வருஷம் ஓடி, இந்த மார்கழிக் கடைசியில்தான் சாய் கேட்டுக்கொண்டு வந்து இறங்கினான். சாண் நீளத்துக்குத் தாடி. கழுத்தில் கம்பளி மப்ளர், பகல் வெயிலிலும். வந்தவன் ஊரோடு ஒட்டுவான் என்று பார்த்தால், எதைப் பார்த்தாலும் ஒரு குறை. பஞ்சாப் பக்கம் ரோட்டோர டாபாவில் போடும் ரொட்டிக்கு முன்னால் இட்லியெல்லாம் பச்சைக் குழந்தைக்குத்தான் என்றான். இட்லி போட்டு அவனுக்குச் சோறு போடுகிறவள் அதைக் கேட்டுக்கொண்டே இன்னொரு ஈடு எடுத்தாள். நம் ஊர் ஜனங்களுக்கு வரிசையில் நிற்கத் தெரியவில்லை என்றான். அவனே சினிமா டிக்கெட் கவுண்டரில் முட்டி மோதிப் பெயர் வாங்கியவன்.

ஒரு நாள் காலையில் கடை நிறைய ஆள் இருக்கும்போது, வாசலில் நின்று மலையைப் பார்த்தான். நாங்களெல்லாம் காலையில் எழுந்தால் பார்க்கிற அதே மலை. "இமயமலையைப் பாத்துட்டு வந்து பாத்தா, இது சும்மா மேடு மாதிரி இருக்கு" என்றான். கடையில் கை எல்லாம் நின்றுவிட்டது. சட்னியைத் தொட்ட இட்லி வாய்க்குப் போகவில்லை. அந்த மலையைக் கும்பிடாத நான்கூட ஐம்பது வருஷத்தில் அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஒரு பெரியவர் இலையை மடித்துவிட்டு எழுந்து போனார். கீதாஞ்சலி அவர் பின்னாலேயே போய்ச் சமாதானம் சொல்லிக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

இதையெல்லாம்கூட நான் பொறுத்துக்கொண்டேன். ஆனால் அவன் வீட்டில் படுக்கவில்லை. படுத்தால் தூக்கம் வரவில்லையாம். ஒரு வருஷம் டிரைவர் சீட்டைச் சாய்த்துப் படுத்துப் படுத்து, நேராகப் படுத்தால் முதுகு கேட்கவில்லையாம். அந்த வீட்டில் இருப்பது என் கையால் தைத்த இலவம்பஞ்சு மெத்தை. மாப்பிள்ளை மெத்தை என்று பார்த்துப் பார்த்துத் தைத்தது. அதை விட்டுவிட்டு, என் கண்ணெதிரே வாசலில் நிற்கும் வேனுக்குள் ஏறிப் படுத்துக்கொண்டான். தெருவில் போகிறவனெல்லாம் என்ன பாய் மெத்தையில் கல்லு வச்சித் தச்சிட்டீங்களா என்று கேட்டுவிட்டுப் போனான். வியாபாரம் இருக்கட்டும், கட்டினவள் உள்ளே தனியாகப் படுத்திருக்கிறாளே. அவன் வந்து இத்தனை நாளில் ஊர் பூராவும் அவன் கதையைக் கேட்டுவிட்டது. அவளுடைய ஒரு வருஷத்தைப் பற்றி அவன் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பொங்கல் வந்தது. மாட்டுப் பொங்கலன்று எங்கள் தெருவில்தான் அண்ணாமலையாரும் உண்ணாமுலை அம்மனும் சண்டை போடுவார்கள். தெருவுக்கு அந்தப் பெயரே அதனால்தான். பிருங்கி என்று ஒரு முனிவர், சாமியை மட்டும்தான் கும்பிடுவார், பக்கத்தில் இருக்கும் அம்மனைக் கண்டுகொள்ள மாட்டார். அப்படிப்பட்ட ஆளைத் தேடிப் போய் தரிசனம் கொடுத்தால் எந்தப் பெண்டாட்டிக்குத்தான் கோபம் வராது? தூக்கி வருகிறவர்கள் இரண்டு பேரையும் முன்னும் பின்னும் ஓட்டி ஓட்டிச் சண்டை காட்டுவார்கள். சுந்தரர் நடுவில் தூது போவார். அம்மன் மசிய மாட்டாள். நேரே கோயிலுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். சாமி வெளியே தங்கிவிட்டு, மறுநாள் மலையைச் சுற்றி வந்த பிறகுதான் சமாதானம். இதைச் சேர்ந்து நின்று பார்க்கிற புருஷன் பெண்டாட்டிக்குள் சண்டை தீரும் என்று ஊரில் நம்பிக்கை. அதனால் கூட்டத்தில் பாதி ஜோடிகள் முறைத்துக்கொண்டுதான் நிற்கும். நானும் ஜாஹிராவும் மாடியிலிருந்து வருஷா வருஷம் பார்க்கிறோம். எங்களுக்கு ஒன்றும் தீர்ந்தபாடில்லை.

அன்றைக்கு சாயங்காலம் கீதாஞ்சலி புதுப் புடவை கட்டிக்கொண்டு அவன் பக்கத்தில் வந்து நின்றாள். மேலே இருந்து பார்த்த ஜாஹிரா, பாருங்க, இன்னைக்குச் சரியாகிடும் என்றாள். அம்மன் முன்னால் வர, சாமி பின்னால் போக, மேளம் தெருவையே அதிரவைத்தது. முருகவேல் பக்கத்தில் நின்ற எவனோ ஒருத்தனிடம் கத்திப் பேசிக்கொண்டிருந்தான். மேளம் ஒரு நொடி நின்றபோது அவன் சொன்னது மாடி வரைக்கும் கேட்டது. தைப்பூசம் முடிந்ததும் நேபாளம் போகிறானாம். பார்ட்டி பேசி முடித்தாகிவிட்டதாம். பெண்டாட்டி ஒரு முழம் தள்ளி நிற்கிறாள், அவளுக்கு இது அப்போதுதான் தெரிகிறது.

கீதாஞ்சலி அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். அந்தப் பக்கம் அம்மன் நேரே கோயிலுக்குப் போனாள், இந்தப் பக்கம் இவள் வீட்டுக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். முருகவேல் வந்து தட்டினான், கூப்பிட்டான், வேனில் இருந்து ஹாரன்கூட அடித்துப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். சாமிக்கு சுந்தரர் கிடைத்தார். இவனுக்கு நான்தான்.

போய் ஜன்னலைத் தட்டினேன். திறந்தாள். அழுதிருப்பாள் என்று நினைத்துப் போனேன், அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு வேலை சுலபம்.

"பாய், அவரு நேபாளமோ எங்கயோ நல்லபடியா போயிட்டு வரட்டும். போனவரு திரும்பி இந்த வீட்டுக்கு மட்டும் வர வேணாம். எனக்குத் தனியா இருந்து பழகிடுச்சு" என்றாள்.

கோபத்தில் பேசுகிற பேச்சா, நிஜமாகவே பேசுகிற பேச்சா என்று எனக்குத் தெரியும். இது நிஜம். ஆபரேஷன் விஷயத்தை நான் இப்போதே போய்ச் சொல்லிவிடுகிறேன், அவன் வந்து காலில் விழுவான் என்றேன்.

"சொன்னீங்கன்னா உங்க மூஞ்சிலயும் முழிக்க மாட்டேன். அவரா கேக்கணும் பாய். கேட்டுட்டு, நான் பதில் சொல்ற வரைக்கும் நிக்கணும். நீங்க சொல்லிக்குடுத்து வந்து கேட்டா எனக்குத் தெரிஞ்சிடும்."

அவ்வளவுதான், ஜன்னல் மூடிக்கொண்டது. தூது போனவனுடைய வாயையும் சேர்த்துத் தைத்து அனுப்பிவிட்டாள். தெருவைக் கடந்து அவனிடம் வந்து, கதவு திறக்காது என்று மட்டும் சொன்னேன். அவன் ஏன் என்று கேட்கவில்லை. சாமிக்கே இதுதான் கதி, நாளைக்கு மலையைச் சுத்திட்டு வந்தா தானா திறக்கும் என்று சொல்லிவிட்டு வேனில் ஏறிப் படுத்தான். குறட்டை விட்டுத் தூங்கினான்.

காலையில் எழுந்தான், குளித்தான், விபூதி பூசினான், வேனை எடுத்தான். ஆமாம், வேனைத்தான். கிரிவலப் பாதையில் அண்ணாமலையார் பல்லக்கில் போய்க்கொண்டிருக்கிறார், ஜனங்கள் பின்னால் நடக்கிறார்கள். இவன் ஓரமாக ஹாரன் அடித்து, சாமியையே ஓவர்டேக் எடுத்துக்கொண்டு போயிருக்கிறான். நான் கடை திறந்து சாம்பிராணி போடுவதற்குள் ஒரு சுற்று முடித்து வந்து நின்றான். கதவைத் தட்டி, சுத்திட்டேன் கீதா, தொற என்றான்.

உள்ளே இருந்து "வண்டியிலயா?" என்று ஒரு குரல் மட்டும் வந்தது. தெருவில் நின்றிருந்தவர்கள் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். முருகவேலுக்கு மூஞ்சி தொங்கிப்போனது. செருப்பைக் கழற்றி வேனுக்குள் எறிந்துவிட்டு நடக்க ஆரம்பித்தான்.

தனியாக விட எனக்கு மனசில்லை. எனக்கு மூட்டு வலி, நடக்க முடியாது. மொபெட்டில் ஏறி அவன் பக்கத்திலேயே மெதுவாக ஓட்டிக்கொண்டு போனேன். நடக்க ஆரம்பித்ததும் அவன் வாயும் நடக்க ஆரம்பித்தது. கிரிவலப் பாதையோரத்து அக்னி லிங்கம் தாண்டும்போது ரிஷிகேஷில் இருந்தான். எம லிங்கத்தில் ராஜஸ்தான். நிருதி லிங்கத்துக்குப் பக்கத்தில் அசாமில் வண்டி பஞ்சராகி நின்றது, யானை வந்தது. எனக்குக் காது புளித்துப்போனது. வாயைத் திறந்தால் உண்மை வெளியே விழுந்துவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு மொபெட்டை ஓட்டினேன்.

ஒரு வருஷமாக சீட்டில் உட்கார்ந்தே இருந்த கால், அடி அண்ணாமலை கிராமம் வந்ததும் கையை விரித்துவிட்டது. உள்ளங்காலில் கொப்புளம். ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தான். டீ என்றுதான் கேட்டான், சாய் இல்லை. அப்போதும் பேச்சு நிற்கவில்லை, ஆனால் வேறு பக்கம் திரும்பியது.

"ஊர்ல எல்லாரும் கேக்கறாங்க பாய். எங்க போன, என்ன பாத்தன்னு முன்ன பின்ன தெரியாதவன்லாம் கேக்கறான். கீதா ஒரு வார்த்தை கேக்கல. எங்க படுத்த, என்ன சாப்ட, ஒண்ணும் கேக்கல."

தாடிக்குள்ளே உதடு கோணியது. இந்த மனுஷனுக்கும் வலிக்கிறது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. உறைத்தாலும் கோபம் குறையவில்லை.

"கேக்கலைன்னா வலிக்குதாடா?" என்றேன்.

"வலிக்காதா?" என்றான்.

நான் அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. அல்லா மேல் ஆணையாக, பேசவில்லை. அந்த ஒரு கேள்வியே சொல்லிக்கொடுத்த மாதிரிதான் என்று ஜாஹிரா இன்றைக்கும் என்னோடு சண்டை போடுகிறாள். போடட்டும். நான் கேட்டது அவனை, அவள் விஷயத்தை இல்லை. அவன் டீ கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு கீழே பார்த்துக்கொண்டே இருந்தான். டீ ஆறி ஆடை கட்டியது. கிளாஸை வைத்துவிட்டு எழுந்தான். மொபெட்டில் ஏறிக்கோடா, கால் இந்த லட்சணத்தில் இருக்கிறது, சாமி ஒன்றும் கோபித்துக்கொள்ளாது என்றேன். தலையை ஆட்டிவிட்டு நடந்தான். அங்கிருந்து குபேர லிங்கம், ஈசான்ய லிங்கம், ஊருக்குள்ளே வரும் வரைக்கும் அவன் வாயிலிருந்து ஒரு ஊர்ப் பெயர் வரவில்லை. நாற்பது வருஷமாக அவனைத் தெரியும், அவன் அவ்வளவு தூரம் பேசாமல் வந்து நான் பார்த்ததில்லை. எனக்கே பயமாகிவிட்டது.

தெருவுக்கு வந்தபோது பிற்பகல். கதவு சாத்தித்தான் இருந்தது. மாடியில் ஜாஹிரா துணி காயப்போடுகிற சாக்கில் நின்றிருந்தாள். காயப்போட அவள் கையில் துணி ஒன்றும் இல்லை. முருகவேல் நொண்டி நொண்டிப் படியேறிப் போய்க் கதவு முன்னால் நின்றான். தட்டவில்லை. வெறுமனே நின்றான். சட்டைப் பையில் போன் அடித்தது. எடுத்து, பார்க்காமலே பின்னால் நின்ற என்னிடம் நீட்டினான். நேபாளத்து பார்ட்டி. எனக்குத் தெரிந்த உருதுவில், வண்டி வராது, வேறு ஆளைப் பாருங்கள் என்று சொல்லி வைத்துவிட்டேன். நான் என்ன சொன்னேன் என்று அவன் திரும்பிக் கேட்கவும் இல்லை.

"கீதா" என்றான். "இந்த ஒரு வருஷம் நீ எப்படி இருந்த?"

உள்ளே கதவுக்குப் பின்னாலேயே அவள் நின்றிருக்க வேண்டும். குரல் பக்கத்தில் கேட்டது.

"நல்லாத்தான் இருந்தேன்."

நான் தலையில் அடித்துக்கொண்டேன். இந்தப் பொம்பளையை என்ன செய்வது? இந்த ஒரு கேள்விக்காக ஒரு வருஷம் காத்திருந்தாள், கதவைச் சாத்தினாள், என் மானத்தைத் தெருவில் வாங்கினாள், அவன் கால் தோலை உரித்தாள். கேள்வி வந்ததும் எல்லாப் பெண்டாட்டிகளும் சொல்கிற அதே பதிலைச் சொல்லிவிட்டாள். மாடியில் ஜாஹிராவும் கையைப் பிசைந்தாள். பழைய முருகவேலாக இருந்தால், அப்பாடா என்று பெருமூச்சு விட்டு அடுத்த கதைக்குப் போயிருப்பான். அவன் வாயைத் திறந்தான். போச்சு, முடிந்தது என்று நினைத்தேன்.

மூடிக்கொண்டான். கொப்புளக் காலோடு நிற்க முடியாமல் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டான்.

"நல்லா இருந்திருக்க மாட்ட. சொல்லு கீதா, நான் இங்கதான் நிக்கறேன்."

தெருவில் ஆட்டோ போனது, யாரோ என் கடையில் வந்து தலையணை விலை கேட்டார்கள். போய்விட்டு அப்புறம் வாங்க என்று துரத்திவிட்டேன். அவன் நின்றுகொண்டே இருந்தான். எனக்கு அவன் மேல் இருந்த கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. கண் கலங்கியது, துடைத்துக்கொண்டேன்.

தாழ்ப்பாள் நகர்ந்தது. கீதாஞ்சலி கதவைப் பாதி திறந்து நின்றாள். ஒரு கை வயிற்றின் மேல் இருந்தது.

"பயமா இருந்துச்சுங்க" என்றாள். "கர்ப்பப்பையை எடுத்துட்டாங்க. கட்டியை அனுப்பிப் பாக்கணும்னாங்க. செத்துடுவேன்னு நெனச்சேன். அருணுக்கு யாரு சோறு போடுவாங்கன்னு நெனச்சேன்."

சொல்லச் சொல்ல அழ ஆரம்பித்தாள். முருகவேலும் அழுதான். மன்னித்துவிடு என்று காலில் விழவில்லை, யாரும் ஏன் எனக்குச் சொல்லவில்லை என்று என் பக்கம் திரும்பிப் பாயவும் இல்லை. அவள் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றான்.

"எப்போ?" என்றான்.

"ஆடி மாசம்."

ஆடி மாசம் எந்த ஊர், எந்த ரோடு, யார் வண்டியில் இருந்தார்கள் என்று அவன் யோசிப்பது அவன் முகத்தில் தெரிந்தது. எல்லா ஊரும் மனப்பாடமாக இருந்த மனுஷனுக்கு அந்த ஒன்று மட்டும் பிடிபடவில்லை.

"ஆடி மாசம் நான் எங்க இருந்தேன்?" என்று அவளையே கேட்டான்.

"இங்க இல்லீங்க" என்றாள் கீதாஞ்சலி. சொல்லிவிட்டு, அவன் உள்ளே வருவதற்கு வழி விட்டு ஒதுங்கி நின்றாள்.